டிவியில் கேம் விளையாடும்போது படம் பிந்துகிறதா? புதிய டிவி வாங்குமுன் இதைப் படியுங்கள்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழி நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும். வீடியோ கேமில் தோற்றுவிட்டு, "வாப்பா, நான் சரியான நேரத்துலதான் பட்டனை அமுக்கினேன், டிவிதான் லேட்டு" என்று பிள்ளை முறையிடும்போது பெரியவர்கள் வாயில் முதலில் வருவதும் இந்தப் பழமொழிதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிள்ளை சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்கிறது. இன்றைய தட்டையான டிவிகளில் கூடம் கொஞ்சம் கோணலாகத்தான் அமைந்திருக்கிறது. அதை நிமிர்த்த பெரும்பாலான வீடுகளில் ஒரு பைசாகூடச் செலவாகாது. ரிமோட்டும் ஐந்து நிமிடமும் போதும்.

இது தெரியாததால் வீடுகளில் இரண்டு விதமான நஷ்டம் நடக்கிறது. சில வீடுகளில் பிள்ளை சாக்குச் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையைச் சொன்னவன் பொய்யன் ஆகிறான். வேறு சில வீடுகளில் பிள்ளை சொல்வதை நம்பி, இணைய வேகத்தைக் கூட்டுகிறோம், விலை கூடிய கேபிள் வாங்குகிறோம், கடைசியில் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து டிவியையே மாற்றுகிறோம். புதிய டிவியிலும் அதே தாமதம் வரும்போதுதான் குழம்பிப்போகிறோம். இந்த இரண்டு நஷ்டமும் வராமல் இருக்க, தாமதம் எங்கே பிறக்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதைப் பார்ப்போம். பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம், எந்த விளையாட்டை ஆடலாம் என்பது ஒவ்வொரு குடும்பமும் தனியாக முடிவு செய்ய வேண்டியது. அதை இங்கே பேசப்போவதில்லை.

தாமதம் என்றால் என்ன?

கையிலிருக்கும் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்துகிறோம். அந்தச் செய்தி கேம் பெட்டிக்குப் போகிறது. கேம் பெட்டி அடுத்த காட்சியைக் கணக்கிட்டு வரைந்து, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவிக்கு அனுப்புகிறது. டிவி அதை வாங்கித் திரையில் காட்டுகிறது. பட்டனை அழுத்திய கணத்துக்கும் திரையில் அதன் பலன் தெரியும் கணத்துக்கும் இடையில் உள்ளதுதான் மொத்தத் தாமதம். அதில், படம் டிவிக்குள் நுழைந்ததிலிருந்து திரையில் தெரியும்வரை டிவி எடுத்துக்கொள்ளும் பங்கைத்தான் 'இன்புட் லேக்' என்று டிவிகளைச் சோதித்து எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இதை மில்லி விநாடியில் அளக்கிறார்கள். ஒரு விநாடியை 1,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. பெரும்பாலான கேம்கள் விநாடிக்கு 60 அல்லது 30 படங்களை அனுப்புகின்றன. இந்த ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு சுமார் 16.7 மில்லி விநாடி. 30 பிரேம் என்றால் 33.3 மில்லி விநாடி.

சினிமாவோ செய்தியோ பார்க்கும்போது டிவி 100 மில்லி விநாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. படம் பிந்தும் அளவுக்கு ஒலியையும் பிந்தவைத்து இரண்டையும் டிவி ஒன்றாகக் கொடுத்துவிடும். செய்தி வாசிப்பவர் பத்தில் ஒரு விநாடி தாமதமாகப் பேசுவதால் நமக்கு ஒரு குறையும் இல்லை. விளையாட்டில் நிலைமை வேறு. அங்கே நாம் பார்ப்பவராக மட்டும் இல்லை, பதில் கொடுப்பவராகவும் இருக்கிறோம்.

கிரிக்கெட் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடியில் சுமார் 39 மீட்டர் பறக்கும். 100 மில்லி விநாடியில் சுமார் 3.9 மீட்டர். பிட்ச்சின் நீளமே 20.12 மீட்டர்தான். அதாவது 100 மில்லி விநாடி பிந்தும் டிவியில், பந்து உண்மையில் இருக்கும் இடத்துக்கும் திரையில் தெரியும் இடத்துக்கும் பிட்ச்சில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் வித்தியாசம். ஒரு காட்சியைக் கண்டு கைவிரல் அசைய மனிதருக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. அதன்மேல் டிவி இன்னொரு 100-ஐ ஏற்றிவைத்தால், பிள்ளை எத்தனை சுறுசுறுப்பாக இருந்தாலும் மட்டை பிந்தித்தான் சுழலும்.

ஒரே டிவி முன்னால் காக்காவும் தம்பியும் மோதும்போது இந்தப் பாதகம் இருவருக்கும் சமம். இணையம் வழியாக வேறொரு வீட்டுப் பிள்ளையோடு ஆடும்போது அப்படி இல்லை. தாமதம் குறைந்த திரை வைத்திருப்பவன் ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு படி முன்னால் நிற்கிறான்.

டிவி ஏன் பிந்துகிறது?

நாம் சிறுவயதில் பார்த்த பின்பக்கம் பெருத்த குழாய் டிவியில் இந்தச் சிக்கல் இல்லை. சிக்னல் வர வர, அதை மின்கற்றை ஒன்று வரிவரியாகத் திரையில் எழுதிக்கொண்டே போகும். படத்தைச் சேமித்துவைத்துத் திருத்தும் வேலை பெரும்பாலான குழாய் டிவிகளில் கிடையாது. அதனால் தாமதமும் ஏறக்குறைய இல்லை.

இதற்கு நம் தலைமுறைக்குத் தெரிந்த சாட்சி ஒன்று உண்டு. கேசட் போட்டு ஆடும் பழைய கேம் பெட்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும். திரையில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். 1984-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'டக் ஹண்ட்' என்ற விளையாட்டு அது. துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி, மிகச் சரியாக அந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால் வாத்து விழும். அதே பெட்டியையும் துப்பாக்கியையும் இன்றைய எல்.இ.டி. டிவியில் மாட்டினால் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி பார்க்கும் கணத்தில் வெள்ளைக் கட்டம் இன்னும் திரைக்கு வந்து சேர்ந்திருக்காது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2001-ல் கேம்க்யூப் பெட்டிக்கு வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி' விளையாட்டின் போட்டிகளில் இன்றும் பழைய குழாய் டிவிகளைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்துவதும் இந்தத் தாமதத்துக்குப் பயந்துதான்.

இன்றைய டிவிக்குள் ஒரு சிறு கணினியே இருக்கிறது. வரும் படத்தை அது அப்படியே காட்டுவதில்லை. புள்ளிகளையும் இரைச்சலையும் நீக்குகிறது, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது, இருட்டையும் வெளிச்சத்தையும் சமன் செய்கிறது, சின்னப் படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்குகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் நேரம் தேவை.

இவற்றில் அதிகம் நேரம் தின்பது அசைவை மென்மையாக்கும் வேலை. இரண்டு பிரேம்களுக்கு இடையில் இல்லாத ஒரு பிரேமை டிவி தானே கற்பனை செய்து வரைந்து செருகுகிறது. முதல் பிரேமுக்கும் இரண்டாவது பிரேமுக்கும் நடுவில் எது இருந்திருக்கும் என்று கணக்கிட, இரண்டாவது பிரேம் வந்து சேரும்வரை டிவி முதலில் காத்திருந்தே ஆக வேண்டும். எவ்வளவு வேகமான சிப் இருந்தாலும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. விலை கூடிய டிவிகள் சாதாரண மோடில் விலை குறைந்த டிவியைவிட அதிகம் பிந்தக்கூடும் என்பதன் ரகசியம் இதுதான். அழகுபடுத்தும் வேலை அங்கே கூடுதலாக நடக்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

'லேக்' என்ற ஒரே சொல்லைப் பிள்ளைகள் பல கோளாறுகளுக்குச் சொல்கிறார்கள். எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

முதலாவது, இணையத் தாமதம். வைஃபை பலவீனமாக இருந்தாலோ, கேம் சர்வர் தூர நாட்டில் இருந்தாலோ வருவது. எதிராளி திடீரென்று இடம் மாறித் தோன்றுவான், ஆட்டம் உறைந்து உறைந்து நகரும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தாமதம் போய்விட்டால் கோளாறு இணையத்தில். அப்போதும் பட்டனுக்கும் திரைக்கும் இடையில் அதே இழுவை இருந்தால், இணையத் திட்டத்தை மாற்றுவதால் பயனில்லை.

இரண்டாவது, ரெஸ்பான்ஸ் டைம். திரையின் ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம் இது. இது அதிகமானால் ஓடும் பந்துக்குப் பின்னால் வால்போல நிழல் தெரியும். டிவிப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் மில்லி விநாடிக் கணக்கு பெரும்பாலும் இதுதான். இது குறைவாக இருப்பதாலேயே இன்புட் லேக்கும் குறைவு என்று அர்த்தமில்லை. இரண்டும் வெவ்வேறு.

மூன்றாவது, கேமே மெதுவாக இருப்பது. விநாடிக்கு 30 பிரேம் ஓடும் விளையாட்டு, 60 பிரேம் ஓடுவதைவிட இயல்பாகவே கொஞ்சம் கனமாகத்தான் பதில் சொல்லும். எந்த டிவியில் போட்டாலும் அது அப்படித்தான்.

இந்த மூன்றும் இல்லையென்றால் சந்தேகத்துக்கு உரியது டிவியின் படத் திருத்த வேலைதான்.

முதல் மருந்து: கேம் மோட்

டிவி தயாரிப்பாளர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் 'கேம் மோட்' என்று ஒரு வசதியை வைத்திருக்கிறார்கள். அதை இயக்கினால் டிவி தன் திருத்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டு, வந்த படத்தைச் சீக்கிரம் திரைக்கு அனுப்பும். சாதாரண மோடில் 50 முதல் 100 மில்லி விநாடிக்கு மேலும் பிந்தும் டிவி, கேம் மோடில் 60 ஹெர்ட்ஸில் 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் வந்துவிடுவது இன்றைய நல்ல டிவிகளில் சாதாரணம். ஒரே டிவி, ஒரே கேபிள், ஒரே கேம் பெட்டி. மாறியது ஒரு அமைப்பு மட்டும்.

பல வீடுகளில் இது அணைந்தே கிடக்கிறது. டிவி மாட்ட வந்தவர் சேனல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். இதைப் பற்றி யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

எங்கே இருக்கிறது? மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும் வழி ஏறக்குறைய இதுதான். சாம்சங் டிவிகளில் செட்டிங்ஸுக்குள் 'ஜெனரல்', அதற்குள் 'எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜர்', அதற்குள் 'கேம் மோட்'. புதிய மாடல்களில் இது 'கனெக்‌ஷன்' என்ற தலைப்புக்குள் மாறியிருக்கும். எல்.ஜி.யில் படத்துக்கான பிக்சர் மோட் பட்டியலில் 'கேம்' அல்லது 'கேம் ஆப்டிமைசர்' என்று இருக்கும். சோனியில் பிக்சர் மோட் பட்டியலில் 'கேம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற பிராண்டுகளிலும் முதலில் பிக்சர் மோட் பட்டியலைத் தேடுங்கள். கேம் பெட்டியை ஓடவிட்டு, அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பில் இருந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். பல டிவிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும். ஆகவே உம்மா பார்க்கும் சேனலின் படம் இதனால் மாறாது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 'சினிமா', 'மூவி', 'ஸ்போர்ட்ஸ்' ஆகிய மோடுகள் தாமதத்தைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. 'ஸ்போர்ட்ஸ்' என்றதும் கால்பந்து கேமுக்கு அதுதான் பொருத்தம் என்று பிள்ளைகள் போட்டுவைப்பதுண்டு. அதில் அசைவை மென்மையாக்கும் வேலை பெரும்பாலும் அதிகமாகவே நடக்கும். தாமதம் கூடத்தான் செய்யும்.

கேம் மோடுக்கு மாறியதும் படம் கொஞ்சம் வெளுத்தோ, கூர்மை குறைந்தோ தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்று பழைய மோடுக்கே திரும்பிவிடாதீர்கள். கேம் மோடுக்குள் இருந்தபடியே வெளிச்சம், நிறம், கான்ட்ராஸ்ட் ஆகியவற்றை வேண்டியபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இவற்றால் தாமதம் கூடுவதில்லை. கூடாதென்று தள்ளிவைக்க வேண்டியது அசைவை மென்மையாக்கும் வசதியைத்தான். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இதற்கு வெவ்வேறு பெயர்கள் உண்டு.

2017 நவம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 2.1 தரவரையறையோடு 'ஆட்டோ லோ லேட்டன்சி மோட்' என்ற வசதி வந்தது. சுருக்கமாக ஏ.எல்.எல்.எம். கேம் தொடங்கியதும் கேம் பெட்டியே டிவிக்குத் தகவல் அனுப்பி, கேம் மோடுக்கு மாறச் சொல்லும். முடிந்ததும் பழைய மோட் தானே திரும்பும். டிவி, கேம் பெட்டி இரண்டிலும் இந்த வசதி இருந்தால்தான் இது நடக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் போன்ற புதிய பெட்டிகளில் இது உண்டு. பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய பெட்டிகளுக்குக் கையால்தான் மாற்ற வேண்டும்.

கேம் மோட் இல்லாத டிவியில் என்ன செய்வது?

பழைய டிவிகளிலும், விலை குறைந்த சில டிவிகளிலும் கேம் மோட் இருக்காது. அப்போதும் கைவிட வேண்டாம். பல டிவிகளில் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் பெயரை மாற்றும் வசதி இருக்கும். பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். கணினி இணைக்கப்பட்டிருப்பதாக எண்ணி, சில டிவிகள் தங்கள் திருத்த வேலைகளைக் குறைத்துக்கொள்ளும். சாம்சங், எல்.ஜி. டிவிகளில் இது நீண்டகாலமாகக் கைகொடுத்துவரும் வழி. சோனி டிவிகளில் 'கிராபிக்ஸ்' என்ற பிக்சர் மோடும் இதே பலனைத் தரும்.

அதுவும் இல்லையென்றால் பட அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக அணையுங்கள். அசைவை மென்மையாக்குதல், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் கூட்டும் வசதிகள் ஆகியவை முதலில் போக வேண்டியவை. கேம் மோட் அளவுக்கு இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியக்கூடும்.

பிளேஸ்டேஷன் 2 போன்ற பழைய பெட்டியை மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களில் இணைத்து ஆடுபவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அந்தப் பெட்டியின் படம் பெரும்பாலும் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் பழைய முறையில் இருக்கும். அதை ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் வேலை டிவிக்குக் கூடுதலாக வந்து சேர்கிறது. வீட்டின் ஒரு மூலையில் குழாய் டிவி இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், அந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது.

நடுவில் நிற்பவர்கள்

கேம் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் கேம் பெட்டி முதலில் ஹோம் தியேட்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து டிவிக்கு வரும். அந்தப் பெட்டியும் படத்தைத் திருத்தும் வகையாக இருந்தால் அது தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். கேம் பெட்டியை நேராக டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. வழியாக சவுண்ட்பாருக்குக் கொண்டுபோவது நல்லது. பழைய வயரை எச்.டி.எம்.ஐ. ஆக்கித் தரும் மலிவு விலை மாற்றிகளும் இதேபோல் தாமதம் சேர்க்கக்கூடியவை.

மொபைலில் ஆடும் விளையாட்டை 'ஸ்கிரீன் மிரரிங்' செய்து பெரிய டிவியில் பார்ப்பது இப்போது பரவலாக இருக்கிறது. இதில் தாமதம் மிக அதிகம். மொபைல் தன் திரையை வீடியோவாகச் சுருக்கி, வைஃபையில் அனுப்பி, டிவி அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கேம் மோட் போட்டாலும் இது சரியாகாது. உங்கள் மொபைல் யு.எஸ்.பி. சி வழியாகப் படத்தை அனுப்பும் வகையாக இருந்தால், எச்.டி.எம்.ஐ. மாற்றி வாங்கி வயரில் இணைப்பதே வழி. எல்லா மொபைலிலும் இந்த வசதி கிடையாது. கடைக்காரரிடம் மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஒலி மட்டும் பிந்தினால் டிவியைக் குற்றம் சொல்லாதீர்கள். சாதாரண புளூடூத் ஹெட்போன்கள் ஒலியை 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதிப்பது வழக்கம். கன்ட்ரோலரில் உள்ள துளையில் வயர் ஹெட்போனைச் செருகிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கேமிங் கேபிள்' என்று அதிக விலை சொல்வார்கள். 2 மீட்டர் கேபிளைக் கடக்க சிக்னலுக்கு ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. எந்தக் கேபிளாலும் அதில் மிச்சம் பிடிக்க முடியாது. 4கே 120 ஹெர்ட்ஸ் படம் தடங்கலின்றி வர அதற்குரிய தரமுள்ள கேபிள் தேவைதான். ஆனால் அது தாமதத்துக்கான மருந்து கிடையாது.

கேம் பெட்டியிலும் ஒரு வேலை இருக்கிறது

புதிய விளையாட்டுகள் பலவற்றில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'குவாலிட்டி' என்று இரண்டு மோடுகள் இருக்கும். குவாலிட்டியில் படம் அழகாக இருக்கும், பெரும்பாலும் 30 பிரேம்தான் ஓடும். பெர்ஃபார்மன்ஸில் அழகு கொஞ்சம் குறைந்து 60 பிரேம் ஓடும். விரைந்து பதில் கொடுக்க வேண்டிய விளையாட்டுகளுக்கு இரண்டாவதே பொருத்தம். பிளேஸ்டேஷன் 5-ல் 'கேம் பிரீசெட்ஸ்' என்ற இடத்தில் இதை எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகவே அமைத்துவிடலாம்.

டிவியில் 120 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கேம் பெட்டியின் வீடியோ அமைப்பில் அதையும் இயக்குங்கள். ஒரு பிரேமின் நேரம் 16.7-லிருந்து 8.3 மில்லி விநாடியாகக் குறைகிறது. கவனிக்க வேண்டியது, பல டிவிகளில் நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் இந்த வேகத்தைத் தாங்கும். துளையின் அருகில் '4கே 120' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

நாமே அளந்து பார்க்கலாம்

மாற்றம் வந்ததா இல்லையா என்று வாதாட வேண்டாம். மொபைலில் 'ஸ்லோ மோஷன்' வசதி இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். 240 பிரேம் ஸ்லோ மோஷனில் ஒரு பிரேம் சுமார் 4.2 மில்லி விநாடி.

கன்ட்ரோலரைப் பிடித்த விரலும் டிவித் திரையும் ஒன்றாகத் தெரியும்படி மொபைலை ஓரிடத்தில் சாய்த்துவையுங்கள். பட்டனை அழுத்தியதும் உடனே குதிக்கும் பாத்திரம் உள்ள விளையாட்டு ஒன்றைப் போட்டு, பத்துத் தடவை அழுத்திப் பதிவு செய்யுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, விரல் பட்டனை முழுதாக அழுத்திய பிரேமிலிருந்து திரையில் பாத்திரம் அசையும் பிரேம்வரை எண்ணுங்கள். கேம் மோட் இல்லாமல் ஒரு தடவை, கேம் மோடோடு ஒரு தடவை. எடுத்துக்காட்டாக, முதலில் சராசரி 45 பிரேம், பிறகு 27 பிரேம் என்று வந்தால் வித்தியாசம் 18. அதை 4.2-ஆல் பெருக்கினால் சுமார் 75 மில்லி விநாடி. டிவி அதுவரை வீணாகத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. மீதமிருப்பது கன்ட்ரோலர், கேம் பெட்டி, விளையாட்டு, டிவி எல்லாம் சேர்ந்த மிச்சம். அது ஒருபோதும் பூஜ்யம் ஆகாது.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. சில மலிவு டிவிகளில் 'கேம்' என்ற மோட் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலைகளை அப்படியே தொடரும். அளந்து பார்த்தால் அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும். விடுமுறை நாளில் பிள்ளைகளிடமே இந்த வேலையைக் கொடுங்கள். சராசரி எடுப்பது, பெருக்குவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிடுவது எல்லாம் பள்ளியில் படிக்கும் கணக்கும் அறிவியலும்தான்.

புதிய டிவி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் திருப்தியில்லை, டிவியும் பழையதாகிவிட்டது என்றால் வாங்கலாம். அப்போது கடையில் ஓடும் பளபளப்பான வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பளபளப்புக்குக் காரணமான வேலைகளே தாமதத்துக்கும் காரணம். கேம் மோட் இருக்கிறதா, ஏ.எல்.எல்.எம். இருக்கிறதா என்று கேளுங்கள். திரையின் உண்மையான வேகம் 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். 'மோஷன் ரேட் 240' போன்ற எண்கள் விளம்பரத்துக்காக நிறுவனங்கள் சூட்டியவை, திரையின் வேகத்தைச் சொல்பவை அல்ல. வாங்க நினைக்கும் மாடலின் பெயரோடு இன்புட் லேக் எத்தனை மில்லி விநாடி என்று இணையத்தில் தேடுங்கள். பல மாடல்களை அளந்து வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வைத்திருப்பது பழைய பெட்டி என்றால் 120 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. 60 ஹெர்ட்ஸில் கேம் மோட் நன்றாக வேலை செய்யும் டிவியே போதும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ரிமோட்டில் இருக்கிறது. அடுத்த தடவை பிள்ளை "டிவிதான் லேட்டு" என்றால், பக்கத்தில் உட்கார்ந்து கேம் மோட் இயங்குகிறதா என்று இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். அணைந்திருந்தால் இயக்குங்கள், அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவன் தோற்றால், அந்தப் பழமொழியைத் தாராளமாகச் சொல்லலாம்.